கேஸ் பிரீஃப் எழுத நான்கு வழிகள்: சட்ட மாணவர் எதைப் பிடிப்பது?

சட்டக் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் இந்தக் குழப்பம் வந்துவிடும். வகுப்பில் பேராசிரியர் ஒரே மணி நேரத்தில் ஆறேழு வழக்குகளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு தீர்ப்பும் முப்பது பக்கம், எண்பது பக்கம். எல்லாமே ஆங்கிலம். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் காலையில் பஸ் பிடித்து வந்து சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குப் படிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்துக்குள் தீர்ப்பை எப்படிப் படிப்பது, படித்ததை எப்படிக் குறித்து வைப்பது?

பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, கேஸ் பிரீஃப், அதாவது தீர்ப்பைப் படித்து எழுதி வைக்கும் சுருக்கக் குறிப்பு, எப்படி எழுதுகிறீர்கள் என்பதைத்தான். பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். நோட்டில் முழுசாக எழுதுகிறவர்கள் சிலர். தீர்ப்பின் நகலிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்கிறவர்கள் சிலர். சீனியரின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம். இப்போது புதிதாக, செல்போனில் ஏஐயிடம் கேட்டுச் சுருக்கம் வாங்குகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். நான்கிலும் ஏதோ ஒரு பலன் உண்டு. ஆனால் நான்கும் சமம் இல்லை. என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு செமஸ்டரில் கையால் முழுசாக எழுதிப் பழகுவதற்கு மாற்றே கிடையாது. அப்புறம் மற்ற வழிகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் முழுசாக எழுதுவது

முழு பிரீஃப் என்றால் தலைப்புகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வழக்கின் பெயர், சைட்டேஷன் (எந்தத் தீர்ப்புத் தொகுப்பில் எந்தப் பக்கம் என்ற குறிப்பு), எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், சங்கதிகள், வழக்கு கீழ்க் கோர்ட்டிலிருந்து எப்படி வந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, இரு தரப்பு வாதம், முடிவு, அந்த முடிவுக்கான காரணம். காரணத்தில்தான் ரேஷியோ, அதாவது பின்னால் வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டக் கோட்பாடு, இருக்கிறது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இருந்தால் அதுவும். கடைசியில் இரண்டு வரி நம் சொந்தக் கருத்து.

நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பலர் எழுதுவதே இல்லை. அதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு நீதிபதிகள் சொன்னதை ஐந்து நீதிபதிகள் சொன்னதற்கு எதிராக அதாரிட்டியாக நீட்ட முடியாது. அரசமைப்பின் 141-வது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே பெரிய அமர்வு, சிறிய அமர்வு என்ற கணக்கு இருக்கிறது.

இந்த முறையின் உயிர், கேள்வியை எழுதுவதில் இருக்கிறது. நம் மாவட்டத்து வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜி. சுந்தர்ராஜன் எதிர் இந்திய ஒன்றியம், (2013) 6 எஸ்.சி.சி. 620. கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு. 2013 மே 6-ஆம் தேதி நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு இருநூறு பக்கத்தைத் தாண்டும். இதற்கு பிரீஃப் எழுதச் சொன்னால், கேள்வி என்ற இடத்தில் முதலில் வருவது இப்படி இருக்கும்: "கூடங்குளம் அணு உலை பாதுகாப்பானதா?"

இது பொறியாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நீதிமன்றத்தின் முன் இருந்தது இது இல்லை. சரி, சட்டப் பிரிவைச் சேர்த்து எழுதுங்கள் என்றால் இப்படி மாறும்: "அணு உலை 21-வது பிரிவை மீறுகிறதா?" உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசமைப்புப் பிரிவு வந்துவிட்டது, ஆனால் சங்கதி காணாமல் போய்விட்டது. எந்த அணு உலைக்கும் பொருந்தும் கேள்வி எந்த வழக்குக்கும் பதில் தராது. மூன்றாவது முறை எழுதும்போதுதான் வழக்கு பிடிபடும்: "ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தரப்பில் பரிந்துரைத்த 17 பாதுகாப்பு நடவடிக்கைகளும் முழுதாக முடிவதற்கு முன்பே உலையை இயக்க அனுமதிப்பது, சுற்றுவட்டார மக்களின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகுமா?"

இப்போது கேள்விக்குள்ளேயே சங்கதி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, ஆம் இல்லை என்று பதில் சொல்லவும் முடியும். இந்த வழக்கில் கேள்வி ஒன்று மட்டும் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி, எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது, பேரிடர் மேலாண்மை என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் இதே மாதிரி தனித்தனியாக எழுத வேண்டும்.

முடிவையும் பார்ப்போம். சென்னை உயர் நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் மனுக்களை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் உலையை நிறுத்தவில்லை. நாட்டின் அணுசக்திக் கொள்கை சரியா தவறா என்று நீதிமன்றம் எடை போடாது, பாதுகாப்பு விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதைப் பார்க்கும் என்ற நிலையை எடுத்தது. அதோடு 15 வழிகாட்டுதல்களையும் கொடுத்தது. போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இடிந்தகரைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் முக்கியம். ஆனால் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வழிகாட்டுதல் இந்த வழக்கின் தரப்புகளுக்கான உத்தரவு. நாளைக்கு வேறொரு போராட்ட வழக்கில் அதையே ரேஷியோ என்று நீட்டினால் எதிர்த் தரப்பு ஒரே நிமிடத்தில் உடைத்துவிடும். உத்தரவையும் காரணத்தையும் இரண்டு தலைப்பில் எழுதும்போது இந்த வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். முழு பிரீஃபின் பலன் இதுதான்.

மாறுபட்ட தீர்ப்புகளையும் விட்டுவிடாதீர்கள். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நடந்த சதி வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் விசாரிக்கப்பட்டது. அந்த மூவரில் ஒருவரான சங்கரன் நாயர் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். ஒரே சாட்சியத்தை வைத்துக்கொண்டு நீதிபதிகள் வேறு வேறு பாதையில் போவதைப் பார்க்க நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட வழக்கே இருக்கும்போது, வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இந்த முறையின் குறை, நேரம். பழகாத கைக்கு ஒரு தீர்ப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரு செமஸ்டரில் ஐந்து பாடத்துக்கும் இப்படி எழுத முடியாது. எல்லா வழக்கையும் இப்படித்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தவர்கள் பாதியில் நோட்டையே மூடிவிடுகிறார்கள். அதனால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், முறையைக் குறைக்க வேண்டாம். பாடத்துக்கு நாலைந்து முக்கிய வழக்குகள் போதும்.

ஓரத்தில் குறிப்பது

அனுபவம் வந்த வக்கீல்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். தீர்ப்பின் பிரிண்ட்டை எடுத்து, படித்துக்கொண்டே ஓரத்தில் எழுதுவது. வேகம் அதிகம். மூல வாசகம் கையிலேயே இருப்பதால் கோர்ட்டில் பேரா எண்ணைச் சொல்லி வாசிக்கலாம்.

ஆனால் புதியவர்கள் இதைச் செய்யும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நம் நீதிபதிகள் தீர்ப்பில் மனுதாரர் வக்கீலின் வாதத்தைப் பக்கம் பக்கமாக எடுத்து எழுதுவார்கள். அப்புறம் அரசுத் தரப்பு வாதம். அப்புறம் பழைய தீர்ப்புகளிலிருந்து நீண்ட மேற்கோள்கள். இவை முடிந்த பிறகுதான் நீதிபதி தன் குரலில் பேச ஆரம்பிப்பார். வாதமாக எழுதிய பேராவுக்கு மஞ்சள் ஹைலைட்டர் போட்டுவிட்டு, நீதிமன்றம் இப்படிச் சொன்னது என்று மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டியில்) நின்று பேசும் மாணவர்கள் வருஷாவருஷம் உண்டு. அந்த வாதத்தை நீதிமன்றம் பத்துப் பக்கம் தள்ளி நிராகரித்திருக்கும்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது. கலர் வேண்டாம், ஒரு பென்சில் போதும். ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும்: சங்கதி என்றால் 'ச', வாதம் என்றால் 'வா', பழைய தீர்ப்பு மேற்கோள் என்றால் 'ப', கேள்வி என்றால் 'கே', நீதிபதி தானே பேசும் இடம் 'நீ'. முதல் வாசிப்பில் இந்த எழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது வாசிப்பில் 'நீ' போட்ட பேராக்களை மட்டும் படித்து, ரேஷியோ இருக்கும் வரிக்கு அடிக்கோடு. எண்பது பக்கத் தீர்ப்பில் அடிக்கோடு போட்ட இடம் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் திரும்பவும் பாருங்கள்.

நூலகப் புத்தகத்தில் குறிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம் 2023 ஜனவரியிலிருந்து தீர்ப்புகளை இலவசமாகத் தருகிறது. அங்கிருந்து எடுத்து, வாதப் பகுதியை விட்டுவிட்டு வேண்டிய பக்கங்களை மட்டும் பிரிண்ட் போட்டால் செலவும் குறையும்.

இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்பதையும் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். தாமிரபரணித் தண்ணீர் விஷயமே இதற்கு உதாரணம். கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. ஊரெல்லாம் பேச்சு. 2017 மார்ச்சில் அந்த மனுக்கள் தள்ளுபடியாகித் தடை நீங்கியது. பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, "அண்ணாச்சி, ஆலைக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு மதுரை பெஞ்ச்சே சொல்லியிருக்கே" என்று தன் குறிப்பைக் காட்டினார். குறிப்பு அழகாகவே இருந்தது, தேதியும் சரி. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

சீனியர் நோட்ஸும் ஹெட்நோட்டும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரிக்கு உதவும், அவ்வளவுதான். கை மாறிக் கை மாறி வரும் நோட்ஸில் பெயர் தவறும், ஆண்டு தவறும், சில சமயம் முடிவே தலைகீழாகும். அதைவிட முக்கியம், சட்டம் நகர்ந்திருக்கும், நோட்ஸ் நகர்ந்திருக்காது. கள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு செல்லும் என்று 1985-இல் சௌமித்ரி விஷ்ணு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். 2018-இல் ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டார்கள். பழைய ஜெராக்ஸை நம்பினால் செத்த சட்டத்தைப் பரீட்சையில் எழுத வேண்டியதுதான்.

ஹெட்நோட், அதாவது தீர்ப்புத் தொகுப்பில் தீர்ப்புக்கு மேலே அச்சிடும் சுருக்கம், இதைவிட நம்பகமானது, நல்ல பதிப்பாசிரியர்கள் உழைத்து எழுதுவது. ஆனால் அது தீர்ப்பின் பகுதி இல்லை. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், (2008) 1 எஸ்.சி.சி. 1 வழக்கைப் படித்தால் நீதிபதி எழுதியது எது, பதிப்பாளர் சேர்த்தது எது என்ற பிரிப்பு நன்றாக விளங்கும். தீர்ப்புக்குள் நுழையும் முன் திசை தெரிந்துகொள்ள ஹெட்நோட்டைப் படியுங்கள். உங்கள் பிரீஃபில் அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்காதீர்கள்.

செல்போனில் ஏஐ சுருக்கம்

இளைஞர்களிடம் இதை வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, சொல்லவும் கூடாது. ஆங்கிலத் தீர்ப்பின் கடினமான ஒரு பேராவைப் போட்டு, எளிமையாகத் தமிழில் விளக்கு என்று கேட்டால் நல்ல உதவி கிடைக்கிறது. தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்த பிள்ளைகளுக்கு, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போன்ற வசதி இது.

முழுத் தீர்ப்பையும் கொடுத்து பிரீஃப் எழுதித் தா என்று கேட்பதில்தான் சிக்கல். வருவது வாசிக்க நன்றாக இருக்கும். வாதத்தை முடிவாகக் காட்டுவது, இரண்டு நீதிபதிகளின் தனித்தனித் தீர்ப்பை ஒன்றாகக் கலப்பது போன்ற தவறு உள்ளே இருந்தால், மூலத்தைப் படிக்காதவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வழக்கின் பெயரையோ சைட்டேஷனையோ அதனிடம் கேட்பது இன்னும் மோசம். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த, உலகத்தில் இல்லவே இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

வரிசையை மாற்றிப் போட்டால் இதே கருவி பிரயோஜனப்படும். முதலில் உங்கள் பிரீஃபை எழுதி முடியுங்கள். அப்புறம் ஏஐ சுருக்கத்தை வாங்கி, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். வேறுபடும் ஒவ்வொரு இடத்துக்கும் மூலத் தீர்ப்பின் பேராவைத் திறந்து யார் சொன்னது சரி என்று முடிவு செய்யுங்கள். சில இடத்தில் அது சரியாக இருக்கும், சில இடத்தில் நீங்கள்.

எந்த வழியானாலும் ஒரு பதிவேடு

நான்கில் எதைப் பிடித்தாலும், கூடவே ஒரு நீள நோட்டு வேண்டும். வழக்குக்கு ஒரே வரி: பெயர், ஆண்டு, அமர்வு, ரேஷியோ. புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு படிக்கிறவர்களுக்கு இன்னொரு கட்டமும் அவசியம்: பழைய பிரிவு, புதிய பிரிவு. தீர்ப்புகள் பெரும்பாலும் பழைய சட்டத்தில் இருக்கின்றன, நாளைய வழக்குகள் புதிய சட்டத்தில். கொலைக்கான தண்டனை இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-லிருந்து பாரதிய நியாய சம்ஹிதாவின் 103-க்குப் போயிருக்கிறது. ஜீவனாம்சம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-லிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 144-க்கு. 482-இல் ரொம்பக் கவனம் தேவை: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. குறிப்பில் வெறும் 482 என்று எழுதி வைத்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே புரியாது.

எண் மட்டும் மாறியிருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். லலிதா குமாரி வழக்கில் 2013-இல் ஐந்து நீதிபதிகள், வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும், முன்விசாரணை சில வகைகளில் மட்டும்தான் என்றார்கள். அது பழைய நடைமுறைச் சட்டத்தின் 154. புதிய 173-இல் மூன்றாவது உட்பிரிவு, மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளைக்குள் முன்விசாரணை செய்ய இடம் தருகிறது. லலிதா குமாரிக்குப் பக்கத்தில் இந்த வரி இல்லாத பிரீஃப் பாதி பிரீஃப்தான்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

இரண்டும். சங்கதியையும் கேள்வியையும் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதும்போது புரியாததைப் புரிந்ததுபோல் காப்பி அடிக்க முடியாது, அதுதான் காரணம். ரேஷியோவை மட்டும் ஆங்கில மூலத்தில் உள்ளபடியே, பேரா எண்ணோடு, ஒன்றிரண்டு வாக்கியம் எடுத்து வையுங்கள். பாளையங்கோட்டை கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார், கட்சிக்காரருக்குத் தமிழில்தான் விளக்க வேண்டும். மதுரைக்குப் போனால் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே நோட்டு பயன்படும்.

யாருக்கு எது?

முதல் வருஷ மாணவருக்கு முழு பிரீஃப், குறைந்த எண்ணிக்கையில். இரண்டாம் வருஷத்திலிருந்து முக்கிய வழக்குகளுக்கு முழு பிரீஃப், மற்றவற்றுக்கு ஓரக் குறிப்பும் பதிவேடும். கடைசி வருஷத்தில் மூட் கோர்ட்டுக்கும் பயிற்சிக்கும் ஓடும்போது ஓரக் குறிப்பே போதும், கை பழகியிருந்தால். மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரமும் பார் கவுன்சில் விதிப்படி பயிற்சி செய்ய வேண்டும். அந்த வாரங்களில் எந்த சீனியரும் மூன்று பக்க பிரீஃப் கேட்க மாட்டார். "இந்தத் தீர்ப்பு நமக்குச் சாதகமா, எந்த பேரா?" என்றுதான் கேட்பார். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், நேரமே இல்லை என்பவர்கள், கேள்வியையும் ரேஷியோவையும் மட்டுமாவது சொந்தக் கையால் எழுதுங்கள். மற்றதற்கு ஹெட்நோட்டையும் செல்போனையும் பார்த்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், சின்ன வழக்குகளில் தொடங்குங்கள். ஒப்பந்தச் சட்டத்தில் கார்லில் (1893), மோகரி பீபி (1903), பால்ஃபர் எதிர் பால்ஃபர் (1919). தீங்கியலில் டோனோக் எதிர் ஸ்டீவன்சன் (1932). அது மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்த தீர்ப்பு, மாறுபட்ட தீர்ப்பை பிரீஃப் எழுதிப் பழக நல்ல இடம். கூடங்குளம் தீர்ப்பை இரண்டாவது செமஸ்டர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். கேசவானந்த பாரதியை மட்டும் முதல் பிரீஃபாக எடுத்துவிடாதீர்கள். 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புகள், ஏழுக்கு ஆறு என்ற முடிவு. அதைப் பிரித்துப் படிக்க, அதற்கு முன்னால் இருபது வழக்காவது எழுதிய கை வேண்டும்.